நான் எழுதுன ரோல்பிளே கேம்ல சண்டை ரெண்டு மணி நேரம் இழுக்குது, ரெண்டாம் பதிப்புல எத மாத்தணும்? உதவி வேணும்

வேளிமலைப் பகடை:
மக்களே, ஒரு உதவி. தக்கலைல ஆட்டக்காரங்க அஞ்சு பேரு, கதை நடத்துறது நான், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எங்க வீட்டு மாடில உக்காந்து ரோல்பிளே கேம் (ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி கதைய நகத்துற ஆட்டம்) ஆடுறோம். கடைல வாங்குனது இல்ல, நானே எழுதுனது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு (டி அண்ட் டி) பேருபோன ரோல்பிளே கேம் இருக்குல்லா, அதோட அஞ்சாம் பதிப்பு அடிப்படை விதிய ஆரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டாங்க, அத எடுத்து கதைய 1741 குளச்சல் சண்டைக்கு கொண்டு வச்சேன், ஆடுறவங்க மார்த்தாண்ட வர்மா பக்கம், எதிர்ல டச்சுக்காரன். ஒரு வருஷமா நோட்டுல எழுதி ஓட்டிட்டு இருக்கோம், இப்ப ரெண்டாம் பதிப்ப பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்னு ஆசை, அதுக்கு முன்னால இந்த கோளாறு தீரணும்.

சண்டை முடியவே மாட்டேங்குது. போன வாரம் போன்ல டைம் வச்சு பாத்தேன், நம்ம 5 பேரு, எதிர்ல 8 சிப்பாய், 9 ரவுண்டு, 2 மணி 10 நிமிஷம். நாலாவது ரவுண்டுலயே ஜெயிச்சாச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அதுக்கு அப்புறம் பென்சிலால ஹெச்பி (உயிர்ப் புள்ளி) கழிக்கிறதும் அழிக்கிறதும் தான், ஒரு சிப்பாயோட கட்டத்துல பேப்பரே அழிச்சு அழிச்சு ஓட்டையாயிட்டு. ஒருத்தன் சாயா குடிக்க கீழ போனவன் அவன் டர்ன் வந்தும் மேல வரல, கூப்பிட்டா "எனக்கும் சேத்து நீயே உருட்டிரு"ன்னான். ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதுனது, அத கேட்டதும் மனசு ரொம்ப விட்டுப் போச்சு. இனிஷியேட்டிவ் (ஆரு மொதல்ல அடிக்கிறதுங்கற வரிசை) மாத்தணுமா, இல்ல டி20யே (20 பக்கப் பகடை) விட்டுட்டு வேற பகடைக்கு போயிரணுமா?

மண்டைக்காட்டு மக்கா:
இனிஷியேட்டிவ் தான் மக்கா. ஆளாளுக்கு உருட்டி வரிசை எழுதாத, பக்கத்துக்கு ஒரு பகடை போடு, எவன் பக்கம் கூடுதலோ அவன் பக்கம் மொத்தமா மொதல்ல அடிக்கட்டும். பழைய பதிப்புல அப்படித்தான், அஞ்சாம் பதிப்போட 2014 விதிலயும் விருப்பம்னா வச்சுக்கலாம்னு ஒரு ஓரமா குடுத்திருக்கு.

குழித்துறை அண்ணாச்சி:
தம்பி இப்போதைக்கு எதுலயும் கைய வைக்காத, நம்பர மொதல்ல சொல்லு. சிப்பாய்க்கு ஏசி (அவன் மேல அடி படணும்னா வர வேண்டிய எண்) எவ்வளவு, ஹெச்பி எவ்வளவு, நம்ம ஆளு ஒரு அடிக்கு எவ்வளவு எடுக்கான், அவன் திருப்பி அடிச்சா எவ்வளவு போகுது?

வேளிமலைப் பகடை:
அண்ணாச்சி, ஏசி 15, ஹெச்பி 22. நம்ம ஆளுங்க அடிக்க உருட்டுறது டி20 கூட 5, அடி பட்டா போறது டி8 (8 பக்கப் பகடை) கூட 3. சிப்பாய் திருப்பி அடிச்சா டி6 கூட 1.

குழித்துறை அண்ணாச்சி:
சரி பாரு. ஏசி 15க்கு 5 கூட்டுனா டி20ல 10 விழணும், அதாவது 100க்கு 55. அடி சராசரி ஏழரை. அப்ப ஒருத்தனோட ஒரு டர்னுக்கு நாலுக்கு கொஞ்சம் மேல, அஞ்சு பேருக்கும் சேத்து ரவுண்டுக்கு 20, 21 தான் வரும். எதிர்ல மொத்தம் 8 பெருக்கல் 22, 176 கெடக்கு. எட்டரை ரவுண்டு. நீ 9 எண்ணுன, கணக்கு அப்படியே வந்திருக்கு, பகடைல ஒரு குத்தமும் இல்ல, நீ எழுதுனபடியே தான் ஓடுது. சிப்பாய் அடிக்கிறதும் சும்மா தடவுற மாதிரி இருக்கு, அதனால ஆருக்கும் பயமும் இல்ல. டி அண்ட் டி நாலாம் பதிப்பு 2008ல வந்தப்பவும் சண்டை இழுக்குதுன்னு இதே புகார் தான், 2010ல வந்த மூணாவது மான்ஸ்டர் புக்குல எதிரியோட அடிய கூட்டிட்டாங்க. நீ ஹெச்பிய 14 ஆக்கு, அடிய நம்ம ஆளு மாதிரியே டி8 கூட 3 ஆக்கு. 22க்கு மூணு அடி வேணும், 14ன்னா மூணுல ரெண்டு தடவ ரெண்டே அடில விழுந்துருவான்.

சுங்கான்கடை அக்கா:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா 9 ரவுண்டுக்கு 130 நிமிஷம்னா ரவுண்டு ஒண்ணுக்கு 14 நிமிஷத்துக்கு மேல ஆகுது, ஆறு பேருக்கு அது ரொம்ப கூடுதல். ஆரு டர்ன்ல நேரம் போகுது தம்பி?

வேளிமலைப் பகடை:
அக்கா, வர்ம ஆசான் வேஷம் எடுத்திருக்க பிள்ளை டர்ன்ல தான், அஞ்சு நிமிஷம் போகும். அவ மேல தப்பு இல்ல. உடம்புல உள்ள வர்மப் புள்ளி படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆகெ 108ல்லா, நான் படுவர்மம் 12க்கும் தனித்தனியா விதி எழுதி வச்சிருக்கேன், ஒண்ணுல கை மரக்கும், ஒண்ணுல ரெண்டு ரவுண்டு மூச்சு முட்டும், ஒண்ணுல ஏசி குறையும், இப்படி. அவ விரல நாலாம் பக்கத்துல வச்சுட்டு ஏழாம் பக்கத்த தேடுவா, எல்லாரும் வாயப் பாத்துட்டு இருப்போம், கடைசில அவளே வெக்கப்பட்டு "சரி, சும்மா குத்துறேன்"ன்னு முடிச்சிருவா.

சுங்கான்கடை அக்கா:
அத மொதல்ல மாத்து, பிள்ளைக்கு ஆசையா எடுத்த வேஷம். 2014ல எக்ஸாஸ்ஷன் (களைப்பு) விதி ஆறு படி, படிக்கு ஒரு பலன், எங்க டேபிள்ல ஆருக்கும் மனசுல நின்னதே இல்ல, ஒவ்வொரு தடவையும் புக்க தொறக்கணும். 2024ல அத ஒரே வரி ஆக்கிட்டாங்க, ஒரு படிக்கு டி20ல 2 குறையும், வேகம் 5 அடி குறையும், ஆறுல சாவு. ஒரு தடவ கேட்டா போதும். நீயும் 12 வர்மத்தோட பேரையும் அப்படியே வை, பேர எடுத்துராத, அது தான் அவளுக்கு உயிரு. பலன மட்டும் மூணா சுருக்கு, கை, கால், மூச்சு. எந்த வர்மம் எதுலன்னு அவ ஷீட்டுலயே ஒரு வரில எழுதிக் குடு.

குழித்துறை அண்ணாச்சி:
கொள்ளாம், நல்ல யோசனை. நான் ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு, ஹெச்பி குறைச்சாலும் அஞ்சு ரவுண்டுக்கு மேல போகும், ஏன்னா உன் சிப்பாய் எட்டாவது ஆளு வரைக்கும் நின்னு சாவான். டி அண்ட் டியோட 1981 பேசிக் செட்டுல மொரேல்னு (மன உறுதி) ஒண்ணு உண்டு, எதிரிக்கு 2லருந்து 12 வரைக்கும் ஒரு எண், மொத ஆளு விழும்போது ஒரு தடவ, பாதிப்பேரு விழும்போது ஒரு தடவ, ரெண்டு டி6 உருட்டணும், எண்ண விட கூடுதல் வந்தா ஓடுவான் இல்லன்னா பணிவான். 7 வச்சேன்னா ரெண்டு சோதனைல ஏதாவது ஒண்ணுல உடையிறதுக்கு மூணுல ரெண்டு வாய்ப்பு.

மண்டைக்காட்டு மக்கா:
எதிரி ஓடிட்டா ஆடுறவனுக்கு சப்புனு போயிரும் அண்ணாச்சி. ஆள கொன்னா தான் பாயிண்டுன்னு வச்சிருந்தா வெரட்டிட்டே போவானுவ, இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

குழித்துறை அண்ணாச்சி:
அதனால தான் பாயிண்ட கொலைக்கு குடுக்காண்டாம்னு சொல்லுதேன், எதுக்கு சண்டைக்கு போனானோ அது நடந்தா குடு. மக்கா, இவன் எடுத்திருக்கது குளச்சல். அங்க டச்சுக்காரன் ஆளு ஒண்ணு விடாம செத்தா சண்டை முடிஞ்சது? சரணடைஞ்சான். அதுல பிடிபட்ட டிலனாய் தான் பின்னால திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி குடுத்தான், உதயகிரி கோட்டைக்குள்ள அவன் கல்லறை இருக்கு, கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கும், தம்பிக்கு வீட்டுலருந்து பத்து நிமிஷம். உன் நோட்டுல உள்ள விதிப்படி டிலனாய் ரெண்டாவது ரவுண்டுல ஹெச்பி தீந்து செத்திருப்பான், அடுத்த முப்பது வருஷத்துக்கு உள்ள கதையும் அவன்கூட போயிருக்கும்.

வேளிமலைப் பகடை:
அண்ணாச்சி இத நான் யோசிக்கவே இல்ல. சின்ன வயசுலருந்து அந்தக் கோட்டைக்குள்ள போயிட்டு வாறேன், மான் பாக்க, அந்தக் கல்லு முன்னால நின்னு போட்டோவும் எடுத்திருக்கேன், ஆனா எழுதும்போது சரணடையிறதுக்கு ஒரு வரி கூட வைக்கல. ஞாயிறு ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன். இனிஷியேட்டிவ தொடல மக்கா, கோவிக்காத, எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாம போயிரும்.

மண்டைக்காட்டு மக்கா:
கோவம் ஒண்ணும் இல்லலே, ரிசல்ட போடு.

வேளிமலைப் பகடை:
ஓட்டியாச்சு. அதே 8 சிப்பாய், அதே கடற்கரை. மொத ரவுண்டுல ஒருத்தன் விழுந்தான், உருட்டுனேன், 6, நின்னுட்டானுவ. அவனுவ அடி இப்ப வலிக்குது, நம்ம ஆளு ஒருத்தன் 4 ஹெச்பிக்கு வந்துட்டான், டேபிள்ல ஒரு சத்தம் இல்ல. ஆசான் பிள்ளை ஷீட்ட ஒரு தடவ பாத்தா, கையின்னு சொன்னா, துப்பாக்கி வச்சிருந்தவன் கை மரத்து கீழ போட்டான், ஒரு நிமிஷம் கூட ஆகல. மூணாவது ரவுண்டு கடைசில நாலாவது ஆளு விழுந்தான், 9 வந்துது, மிச்ச நாலு பேரும் ஆயுதத்த மணல்ல போட்டானுவ. 31 நிமிஷம்.

அதுக்கு அப்புறம் பிடிச்ச சிப்பாய்ட்ட வெடிமருந்துக் கிடங்கு எங்கன்னு விசாரிக்கிறதுலயே முக்கால் மணி நேரம் போச்சு, பகடையே உருட்டல. கூடுதல் கேள்வி கேட்டது அந்த சாயாக்காரன் தான். நெஞ்சுறப்புன்னு பேரு வச்சிருக்கேன் இந்த மொரேல் விதிக்கு, ரெண்டாம் பதிப்புல சண்டை அத்தியாயத்துல மொதப் பக்கமே இது தான். சிப்பாய்க்கு 7, கேப்டனுக்கு 10 போடலாம்னு இருக்கேன், பன்னெண்டுல ஒரு தடவ தான் உடைவான், அது போதுமா இல்ல 9 வைக்கவா அண்ணாச்சி? புதன்கிழமை பிரிண்டுக்கு குடுக்கணும்.

குழித்துறை அண்ணாச்சி:
9 வை. ஆறுல ஒரு தடவ உடைவான். அவன உயிரோட பிடிக்க ஒரு வழி அவங்களுக்கு இருக்கட்டும்.