மறு: ஈப்ரோமுக்குத் தமிழில் என்ன பெயர்?

> "அழியா நினைவகம்" என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ஈப்ரோம் (EEPROM) என்பது கரண்ட் போனாலும் தரவை வைத்திருக்கும் சில்லு நினைவகம், அந்தப் பெயரிலேயே மின்சாரத்தால் அழிக்கக்கூடியது என்ற பொருள் அடங்கியிருக்கிறது. போதாததற்கு அது தேயவும் செய்யும். ஆர்டுயினோ ஊனோ என்ற நிரலெழுதிப் பழகும் போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லில் 1024 பைட் ஈப்ரோம் உண்டு, ஒவ்வோர் இடத்திலும் 1,00,000 முறை அழித்து எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. லட்சம் என்றதும் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதி) நொடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த லட்சம் தீர்ந்துவிடும். 'அழியா' என்று பெயர் வைத்துக் கொடுத்தால் புதிதாகப் பழகுகிற பையன் அதைத்தான் செய்வான். 'நிரந்தர நினைவகம்' என்பதும் இதே கதைதான்.

என் பரிந்துரை தங்குநினைவகம். கரண்ட் போனாலும் தங்கும், அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தச் சொல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகுமா என்ற சண்டையும் வராது. (சுருக்கி 'தங்ககம்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், நகைக்கடை ஆகிவிடும்.)

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதில் எழுதும் கட்டளைகளுக்கான வினைச்சொல். மொட்டைமாடித் தொட்டிக்கு இஎஸ்பி8266 என்ற வேறொரு போர்டில் ஒரு மோட்டார் டைமர் செய்தேன். 40 நிமிடம் என்று வைத்தேன், போர்டு அனுப்பும் செய்தியைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரிலும் 40 என்றே காட்டியது, நானும் பெட்டியை மூடித் திருகிவிட்டேன். அப்புறம் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அது 255 நிமிடம் என்று எடுத்துக்கொண்டது. நாலே கால் மணி நேரம்! வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

255 என்றால் அந்த இடத்தில் எதுவுமே எழுதப்படவில்லை என்று பொருள். இஎஸ்பி8266இல் தனியாக ஈப்ரோமே கிடையாது, நிரலை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் 4096 பைட் பகுதி ஒன்றை நிரல்நூலகம் ஈப்ரோம் போல நடத்துகிறது. ரைட் (write) என்ற கட்டளை கொடுத்தால், கரண்ட் போனால் மறந்துவிடும் ராமில் இருக்கும் நகல் மட்டும்தான் மாறும், கமிட் (commit) கொடுத்தால்தான் ஃபிளாஷுக்குப் போகும். ஊனோவில் ரைட் மட்டுமே போதும், அங்கே எழுதிய நிரலை அப்படியே தூக்கி இங்கே போட்டதால் வந்த வினை.

ஆகவே ரைட் என்றால் எழுது, கமிட் என்றால் பதி. பத்திரம் எழுதுவது ஒரு வேலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவது வேறு வேலை, எழுதிய பத்திரத்தைப் பீரோவில் வைத்திருந்தால் நிலம் நம் பெயருக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

> 'சேமி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் இரண்டையும் சேமி என்றுதானே சொல்வோம், எந்தப் படியில் விட்டுப்போனது என்று எப்படித் தெரியும்?

அப்டேட் (update) என்ற கட்டளைதான் இன்னும் உதைக்கிறது. அதே மதிப்பு ஏற்கெனவே இருந்தால் அது எழுதாமல் விட்டுவிடும், தேய்மானம் மிச்சம். 'புதுப்பி' என்றால் அந்த நுணுக்கம் போய்விடுகிறது. இப்போதைக்கு 'மாறினால் எழுது' என்று போட்டு வைத்திருக்கிறேன், யாருக்காவது ஒரே சொல்லில் அகப்பட்டால் சொல்லுங்கள்.