அரசு மருத்துவமனையில் மஞ்சள் பை எடை ஏறுகிறது, என்ன செய்வது?

தாலுகா_ஸ்டோர்:
60 படுக்கை. மருத்துவக் கழிவை ஏற்றிச் செல்லும் பயோ மெடிக்கல் வண்டிக்குக் கிலோ கணக்கில் கட்டணம். நோய்த்தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையைத் திறந்தால் சோற்றுப் பொட்டலம், இளநீர்க் கூடு, சலைன் பாட்டில் எல்லாம் கிடக்கின்றன. சமையலறைக் கழிவு தினமும் 15 கிலோ வருகிறது. அதையும் இங்கேயே முடிக்க வழி உண்டா?

வார்டு_மேற்பார்வை:
முதலில் தொட்டிகளை இடம் மாற்றுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மஞ்சள் தொட்டி இருந்தால், நோயாளியுடன் இருப்பவர்கள் சாப்பாட்டை அதில்தான் போடுவார்கள். வராண்டாவில் மூடியுள்ள சாதாரணத் தொட்டி போதும். மஞ்சளும் சிவப்பும் டிரெஸ்ஸிங் டிராலியிலும் ஊசி போடும் இடத்திலும் மட்டும் இருக்கட்டும்.

ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, ரத்தப் பை, காலாவதி மருந்து மஞ்சளில். ஐ.வி. செட், சலைன் பாட்டில், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பில். டியூபை வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி விற்பனைக்குப் போய்விடும். ஊசியும் பிளேடும் வெள்ளை டப்பாவில், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். கண்ணாடி மருந்துக் குப்பி, ஆம்பூல் (ஊசி மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பி) நீலத்தில்.

சிவப்பில் வருவதை ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), துண்டாக்கி மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். மஞ்சள் எரிஉலைக்குப் போகிறது. பி.வி.சி. டியூப் அதில் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். வீண்செலவை விட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

பைகளை வார்டு வாரியாக எடை போட்டு எழுதுங்கள். எந்த வார்டில் கலக்கிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

உரக்குழி:
உரத்துக்குச் சமையலறைக் கழிவு மட்டும். வார்டுத் தொட்டிச் சோற்றைத் தொடவே வேண்டாம், ஓர் ஊசி கிடந்தாலும் கிளறுபவர் கையில்தான் ஏறும்.

காற்றுத் துளை விட்ட செங்கல் தொட்டி, 3 அடி அகலம், 3 அடி உயரம், மேலே கூரைத் தகடு. சாம்பார், ரசத்தை வடித்துவிட்டு ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. வாரம் ஒருமுறை கிளறுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், காற்று போகாமல் நாறும், உடனே சருகு சேர்க்கணும். எலி வராமல் கம்பிவலை அவசியம். இளநீர்க் கூடு லேசில் மக்காது, தனியாகக் குவியுங்கள்.

தாலுகா_ஸ்டோர்:
நன்றி. வண்டி வராத நாட்களில் பின்பக்கக் குழியில் புதைக்கலாமா?

வார்டு_மேற்பார்வை:
கூடாது. வண்டி கழிவைக் கொண்டு சேர்க்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய வசதி எட்டாத ஒதுக்குப்புற ஊர்களுக்கு மட்டுமே 2016 மருத்துவக் கழிவு விதிகளில் ஆழக் குழிக்கு இடமுண்டு. மஞ்சள் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. வண்டி தவறிய அன்றே நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் அனுப்புங்கள்.