ஏரிக்கு மேலே தாழ வந்த விமானம்

தாழப் பறந்த விமானத்தைப் பார்த்த அனுபவம் எனக்கு ஒன்று உண்டு. ரொம்ப நாள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2017 கோடை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டாம்பா பக்கம் எங்கள் வீடு, பின்னால் சின்ன ஏரி. குடும்ப நண்பர் ஒருவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அப்போதுதான் பைலட் லைசென்ஸ் வாங்கியிருந்தார். "சனிக்கிழமை பத்து மணிக்குப் பசங்களோட வெளியே வந்து நில்லும்மா, மேலே வர்றேன்" என்றார்.

சொன்ன மாதிரியே வந்தார். வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்ற சின்ன விமானம். முதலில் சத்தம், அப்புறம் மரங்களுக்கு மேலே ஒரேயடியாக விமானம். ஏரியில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தன. ஜன்னலில் அவருடைய நீலச் சட்டைக் கை தெரிந்தது. பசங்கள் "மாமா! மாமா!" என்று கத்தினார்கள். நான் வீடியோ எடுத்துக்கொண்டே இன்னொரு தடவை வரச் சொல்லிக் கையைச் சுழற்றினேன். இறக்கையை நன்றாகச் சாய்த்துத் திரும்பி வந்தார்.

அந்த நவம்பர் 7-ஆம் தேதி ராய் ஹாலடே இறந்துபோனார். ஃபில்லீஸ் என்ற பேஸ்பால் அணிக்குப் பந்து வீசியவர். அந்த அணி வசந்தகாலப் பயிற்சிக்கு வருவது பக்கத்து கிளியர்வாட்டருக்குத்தான் என்பதால், ஆபீஸில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. வயது 40. ஐகான் ஏ5 என்ற, தண்ணீரில் இறங்கும் இரண்டு சீட் விமானம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தனியாகத்தான் போயிருக்கிறார். கரையோர வீடுகளுக்கு 75 அடி தூரத்தில், ஓரிடத்தில் தண்ணீருக்கு மேல் வெறும் 11 அடியில் பறந்திருக்கிறார். கடைசியாகச் செங்குத்தாக ஏறும்போது வேகம் மணிக்குச் சுமார் 85 மைலாகக் குறைந்து, மூக்குக் குப்புற மெக்சிகோ வளைகுடாவில் விழுந்தது. 2020-இல் வந்த விசாரணை அறிக்கை, உடம்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து அதிகம் இருந்ததையும் சொன்னது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசியவர்கள் நிறைய. எனக்கு அந்த 11 அடிதான் மனதை விட்டுப் போகவில்லை.

செய்தி வந்த அன்று ராத்திரியே அண்ணாவுக்குப் போன் போட்டேன். அவர்தான் விளக்கினார். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் விமானத்தின் எடை இரண்டு மடங்கானது போல ஆகிவிடும். நேராகப் போகும்போது வேகம் 48 நாட்டாக (மணிக்குச் சுமார் 89 கி.மீ.) குறையும் வரை தாங்குகிற இறக்கை, அந்தச் சாய்வில் 68 நாட்டுக்குக் குறைந்ததுமே கைவிட்டுவிடும். அதற்குப் பெயர் ஸ்டால். "3,000 அடியில ஆச்சுன்னா மூக்கைக் கீழே தள்ளி, வேகம் பிடிச்சு மீண்டுடலாம். மீள்றதுக்கே சில நூறு அடி வேணும்மா. இன்ஜின் நின்னாலும் 1,000 அடி இருந்தா ஒன்றரை நிமிஷம் இருக்கு, இறங்க இடம் தேடலாம். 100 அடியில என்ன இருக்கு?"

ஆளிடமிருந்தோ வீட்டிலிருந்தோ 500 அடியாவது தள்ளி இருக்கணும், ஊருக்குள் என்றால் 1,000 அடி உயரம் வேண்டும் என்று அமெரிக்க விதியே இருக்கிறது. அது அண்ணாவுக்குத் தெரியாததில்லை.

"அண்ணா, அன்னிக்கு ரெண்டாவது தடவை திரும்பினீங்களே, வேகம் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பார்க்கலைம்மா. நீ கையைச் சுத்தினதைப் பார்த்துட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அந்த வீடியோவை நான் யாருக்கும் காட்டியதில்லை. தைரியமான ஆள் என்று அவரை எல்லோரிடமும் புகழ்ந்தவள் நான். கீழே நின்று அவரைக் கூப்பிட்டதும் நான்தான்.

இப்போதும் எங்கள் பக்கம் பறப்பார், 2,000 அடிக்குக் கீழே வருவதில்லை. கீழே இருந்து பார்த்தால் சின்னப் பூச்சி அளவுதான் தெரியும். பசங்கள் அதற்கும் ஓடிவந்து கை ஆட்டுகிறார்கள்.