'டியூட்டி ஆஃப் கேர்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

எழுதியவர்: நா.கு., மதுரை
திங்கள் இரவு

நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்வழியில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்காகத் தீங்கியல் சட்டத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கடைசி இயல் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த இயல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றியது (நாம் காலால் உதைத்து ஆடுவது அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடி, உடலோடு உடல் மோதும் ஆட்டம்). ஆட்டக்காரரின் தலையில் அடிபட்டால் பொறுப்பு யாருடையது? பயிற்சியாளருடையதா, கல்லூரியுடையதா, எல்லோருக்கும் மேலே அமர்ந்து விதி வகுக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுடையதா?

இயல் முழுவதும் 'டியூட்டி ஆஃப் கேர்' என்ற ஒரு தொடரில் தொங்குகிறது. பிறருக்குத் தீங்கு நேராதபடி நியாயமான கவனத்தோடு நடக்க வேண்டிய சட்டக் கடமை அது. இதுவரை 'கவனக் கடமை' என்றே எழுதி வந்தேன். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. 2011இல் மேரிலாந்து மாநிலத்தின் ஃப்ராஸ்ட்பர்க் பல்கலைக்கழக ஆட்டக்காரர் டெரிக் ஷீலி பயிற்சியின்போது சரிந்து விழுந்து, சில நாளில் இறந்துபோனார். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். மாணவ விளையாட்டாளர்களைப் பாதுகாக்கும் சட்டக் கடமை தனக்கு இருப்பதை மறுப்பதாக 2013இல் என்.சி.ஏ.ஏ. பதிலுரை தாக்கல் செய்தது. இதை விளக்கும் பத்தியில், 'சங்கத்துக்கு மாணவருக்குக் கவனக் கடமை இல்லை' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவி ஒருத்தி, "மாணவர் கவனமாக ஆட வேண்டியதில்லை என்றா சங்கம் சொல்கிறது?" என்று கேட்டாள்.

என்ன செய்யலாம்?

---

எழுதியவர்: புலவர் செ.அ., தஞ்சாவூர்
செவ்வாய் காலை

அன்புள்ள நா.கு. அம்மையாருக்கு,

மாணவி சரியாகவே கேட்டிருக்கிறாள். குற்றம் நான்காம் வேற்றுமையில் இருக்கிறது. கடன், கடமை என்ற சொற்களோடு வரும் 'கு' உருபு கடமையைச் சுமப்பவரைக் காட்டும். 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்னும் புறநானூற்று அடியில் (312) சுமப்பவர் தந்தை. 'கடன்படு' என்ற வினையோடு வரும்போதுதான் அதே உருபு பெறுபவரைக் காட்டும்: 'அவன் எனக்குக் கடன்பட்டிருக்கிறான்.' ஒரே தொடரில் இரண்டு 'கு' வந்தால் எந்தச் சொல்லைப் புனைந்தாலும் மயக்கம் தீராது. 'சங்கத்துக்கு மாணவர்பால்' என்று எழுதுங்கள். பாதி நோய் தீரும்.

அந்தப் பாட்டையே இயலின் முகப்பில் வைக்கலாம். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என்று ஐவருக்கும் தனித்தனியே கடன் வகுக்கிறது. வேல் வடித்துக் கொடுப்பவனுக்கும் கடன் உண்டு என்பதைக் கவனியுங்கள். கடைசியில் காளையின் கடன் 'களிறு எறிந்து பெயர்தல்'. பெயர்தல் என்றால் மீண்டு வருதல். மகன் மீண்டு வர வேண்டும் என்பதும் அந்தக் கடனுக்குள் அடங்கியிருக்கிறது.

இனிச் சொல். என் பரிந்துரை 'ஓம்புகடமை'. வினைத்தொகை, வலி மிகாது. ஓம்புதல் என்றால் காத்தல் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மறுமுகம் ஒன்றும் உண்டு. நற்றிணையின் பத்தாம் பாட்டில் தோழி தலைவனிடம் 'நீத்தல் ஓம்புமதி' என்கிறாள். இவளைக் கைவிடுதலைத் தவிர்ப்பாயாக என்பது பொருள். ஒன்றைக் காப்பதும் ஓம்பல், தீயதொன்று நேராமல் விலக்குவதும் ஓம்பல். நீங்கள் தேடும் ஆங்கிலத் தொடருக்கு இவ்வளவு பொருந்தும் வேர் வேறு கிடைக்காது.

---

எழுதியவர்: வ.தி., யாழ்ப்பாணம்
செவ்வாய் மாலை

புலவர் ஐயாவின் இரட்டைப் பொருள் வாதம் சட்டத்தோடு வியப்பாக ஒத்துப்போகிறது. 1932இல் டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில், இஞ்சிப் பானப் போத்தலுக்குள் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், அட்கின் பிரபு வகுத்த கோட்பாடும் இதுவே: உன் அயலாருக்குத் தீங்கு விளைவிக்கும் என்று நியாயமாக முன்னறியக்கூடிய செயலையும் தவிர், செய்யாமையையும் தவிர். செய்தலும் செய்யாமையும் சேர்ந்தே நிற்கின்றன.

ஆனாலும் 'ஓம்புகடமை'யை நான் ஏற்கமாட்டேன். ஓம்பல் என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு விருந்தோம்பல்தான் நினைவுக்கு வரும். விருந்தோம்பல் பண்பு, தவறினால் ஊர் பேசும், வழக்குப் போட முடியாது. நீதிமன்றத்தில் நிற்கும் சொல்லில் வற்புறுத்தும் வலு தெரிய வேண்டும்.

இங்கே எங்கள் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவை இலங்கையில் கவலையீனம் என்போம். 'பராமரிப்புக் கடமை' என்று யாராவது முன்மொழிவதற்குள் மறுத்துவிடுகிறேன். அது குடும்ப வழக்கின் பக்கம் இழுக்கும். நாங்கள் தாபரிப்பு என்பதை அங்கே பராமரிப்புத் தொகை என்கிறீர்கள். 'காப்புக் கடமை'யும் வேண்டாம். எங்களுக்குக் காப்புறுதி, உங்களுக்குக் காப்பீடு, இரண்டும் இன்சூரன்ஸ். காப்பு என்றதும் இழப்பீட்டுப் பணம் கண்முன் வரும்.

கல்லூரி, சங்கம் என்ற வேறுபாட்டையும் சொல் தாங்க வேண்டும். கெட்டிஸ்பர்க் கல்லூரி வழக்கில் 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தானே தேடி அழைத்துச் சேர்த்த ஆட்டக்காரர்பால் கல்லூரிக்கு இந்தக் கடமை உண்டு என்றது. அது வலைக்கோலால் பந்தை ஏந்தி ஆடும் லக்ராஸ் ஆட்டம். மாணவர் பயிற்சியின்போது இதயம் நின்று இறந்தவர். கல்லூரிக்கும் மாணவருக்கும் நேரடி உறவு இருந்தது. மாணவரை நேரில் காணாத, விதிப்புத்தகம் மட்டும் எழுதும் சங்கத்துக்கு அந்த உறவு உண்டா என்பதுதான் கால்பந்து வழக்குகளின் முடிச்சு. பாதுகாப்பு உறுப்புக் கல்லூரிகளின் பொறுப்பு என்று சங்கம் தன் அமைப்பு விதியிலேயே எழுதி வைத்திருந்தது.

---

எழுதியவர்: மொ.க., கோயம்புத்தூர்
செவ்வாய் இரவு

'பேணுகடமை'. எளிது, தூய தமிழ், பேணுதல் இன்றும் வழக்கில் இருக்கிறது. 'பேணற் கடமை' என்றும் எழுதலாம். லகரம் றகரமாகத் திரியும் புணர்ச்சி மாணவரை மிரட்டும் என்பதால் முன்னதே நல்லது.

'கவனம்' தமிழா வடமொழியா என்ற வழக்கை இந்தக் குழுவில் ஏற்கெனவே நாற்பது மடல்களில் நடத்தினோம், முடிவு காணவில்லை. ஐயமுள்ள சொல்லை ஒரு பாடநூலின் அடித்தளத்தில் வைக்க வேண்டாம். 'கடமை'யிலும் எனக்குக் குறை உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கடமை என்பது வரி. குறளில் வரும் 'கடப்பாடு' இதைவிடச் செறிவானது. பேணுகடப்பாடு?

அதே இயலில் 'கான்பரன்ஸ்' என்பதை 'மாநாடு' என்று எழுதியிருந்தால் உடனே திருத்துங்கள். அது கல்லூரி அணிகளின் தொகுதி. 'அணித்தொகுதி' போதும். 'கன்கஷன்' எங்கே வந்தாலும் 'மூளையதிர்வு' என்று எழுதுங்கள். அதிர்ச்சி என்றால் மனம் அதிர்ந்தது என்று படிப்பார்கள்.

---

எழுதியவர்: வ.தி., யாழ்ப்பாணம்
புதன் காலை

மொ.க. தம்பி, அந்தக் குறளின் கடப்பாடு கைம்மாறு வேண்டாதது, மழையைப் போன்றது. நாங்கள் பேசுவது தவறினால் பணம் கட்ட வேண்டிய கடமை. வள்ளுவரை இந்த வழக்கில் சாட்சிக்கு அழைத்தால் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். மூளையதிர்வை முழுமனத்தோடு ஏற்கிறேன்.

---

எழுதியவர்: ர.வி., கொலம்பஸ், ஒகையோ
புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடுகிறான். கல்லூரியிலும் ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. சென்ற ஆகஸ்டில் பள்ளி ஒரு படிவம் அனுப்பியது. ஆட்டத்தின் இடர்கள் அனைத்தையும் தெரிந்து ஏற்கிறோம் என்று நானும் அவனும் கையெழுத்திட வேண்டும். திருச்சியிலிருந்து என் அப்பா தொலைபேசியில் கேட்டார், என்ன எழுதிக் கொடுத்தாய் என்று. எனக்குத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. படிவத்தில் இருந்த 'அசம்ப்ஷன் ஆஃப் ரிஸ்க்' என்பதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். 'இடர் அனுமானம்' என்று வந்தது. நான் எதையும் அனுமானிக்கவில்லை. நா.கு. அக்கா, உங்கள் இயலிலும் அப்படி இருந்தால் 'இடர் ஏற்பு' என்று மாற்றிவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறொரு சொல்லைப் பற்றி. 'மாணவ விளையாட்டாளர்' என்று எல்லோரும் இயல்பாக எழுதுகிறீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தானாகப் பிறக்கவில்லை. 1955இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளிக்குக் கிடைக்கும் இறப்பு இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆட்டக்காரர்களைப் பணியாளர்கள் என்று யாரும் கொள்ளக்கூடாது என்ற அச்சத்தில்தான் அந்த நாள்களில் 'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்லை உருவாக்கி எல்லா விதிகளிலும் புகுத்தினோம் என்று, என்.சி.ஏ.ஏ.வை முப்பத்தாறு ஆண்டு நடத்திய வால்டர் பயர்ஸ் பிற்காலத்தில் தாமே எழுதினார். பொறுப்பிலிருந்து தப்பிக்கப் புனைந்த கலைச்சொல் அது. நீங்கள் இங்கே புனையும் சொல் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சங்கம் பிறந்ததே சாவுகளால். 1905இல் ஆடுகளத்தில் மாணவர் பலர் இறந்ததும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு சங்கத்தின் முன்னோடி அமைப்பு உருவானது.

2018இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை பயிற்சியில் வெப்பத் தாக்கத்துக்கு ஆளாகி இறந்தான். பயிற்சி ஊழியர்களின் தவறுகளுக்குச் சட்டப் பொறுப்பையும் அறப்பொறுப்பையும் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று அதன் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த இரண்டு சொல்லையும் நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். உடனே புரிந்தது. பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைத்தால் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தமிழில் சொல் இல்லையா?

---

எழுதியவர்: புலவர் செ.அ., தஞ்சாவூர்
வியாழன் காலை

அம்மா ர.வி., உண்டு. நீங்களே அதன் வாயில்வரை வந்துவிட்டீர்கள். கையடை.

நான் செவ்வாயன்று சொன்ன நற்றிணைப் பாட்டின் கீழ்க்குறிப்பைப் பாருங்கள்: 'தோழி கையடுத்தது'. ஒருத்தியை ஒருவன் கையில் ஒப்படைத்துச் சொன்னது. கம்பன் பாலகாண்டத்தில் ஒரு படலத்துக்கே கையடைப் படலம் என்று பெயர். வேள்வி காக்க இராமனைத் தா என்று முனிவன் கேட்கிறான். தயரதன், பிறவிக் குருடன் பார்வை பெற்று மீண்டும் இழந்தாற்போலத் துடிக்கிறான். பிறகு ஒப்படைக்கிறான். அரக்கரோடு மோதப் போகும் இளைஞன். அழைத்துச் செல்பவன் வலிய வந்து கேட்டவன். கெட்டிஸ்பர்க் கல்லூரியும் தேடி வந்து அழைத்துச் சென்றதாக வ.தி. எழுதினார். கடமை எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. வாங்கிய கையில் பிறக்கிறது.

ஓம்புகடமையைத் திரும்பப் பெறுகிறேன். 'கையடைக் கடமை'. 'அடை' என்ற வேரிலிருந்துதான் அடைக்கலம், அடைமானம், அடைக்காய் என்று ஒரு குடும்பமே கிளைக்கிறது. அடைமானம் ஈடாகக் கொடுப்பது, அடைக்கலம் காவலுக்குக் கொடுப்பது, அடைக்காய் மட்டும் வேறு கிளையாக இருக்கலாம். அதில் 'அடை' இலையைக் குறிக்கும். அடைகாத்தலையும் இங்கே சேர்க்கலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். முட்டை தாயின் கதகதப்பில்...

---

எழுதியவர்: வ.தி., யாழ்ப்பாணம்
வியாழன் நண்பகல்

ஐயா, சொல் அழகு. ஆனால் அது ஒப்படைப்பு நடந்த இடத்தில் மட்டும் செல்லும். நத்தை கிடந்த போத்தலைக் குடித்த பெண்மணி தன்னைத் தயாரிப்பாளர் கையில் ஒப்படைக்கவில்லை. கடையில் தோழி வாங்கித் தந்ததைக் குடித்தார். சாலையில் எதிரே வரும் ஓட்டுநர் கையிலும் நம்மை யாரும் ஒப்படைக்கவில்லை. அங்கேயும் இதே கடமைதான். கையடை என்று வைத்தால் என்.சி.ஏ.ஏ.வின் வழக்கறிஞர் மகிழ்ச்சியோடு எழுந்து நிற்பார்: "எங்கள் கையில் யாரும் ஒப்படைக்கவில்லை, கல்லூரியிடம் கேளுங்கள்." ஷீலி வழக்கின் பதிலுரையைத் தமிழாக்கி அவர் கையில் நாமே கொடுத்ததாகும்.

---

எழுதியவர்: மொ.க., கோயம்புத்தூர்
வியாழன் மாலை

பேணுகடமை இன்னும் மேசைமேல் இருக்கிறது. ஒப்படைத்தாலும் ஒப்படைக்காவிட்டாலும் பொருந்தும்.

---

எழுதியவர்: நா.கு., மதுரை
வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் பன்னிரண்டு மாணவர்களிடம் எல்லாச் சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, 2022இன் மேத்யூ ஜீ வழக்கைச் சொன்னேன். அவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியின் லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டக்காரர். 2018இல், நாற்பத்தொன்பது வயதில் இறந்தார். மூளையதிர்வுகளின் நீண்டகாலக் கேட்டை அறிந்தும் என்.சி.ஏ.ஏ. எச்சரிக்கவில்லை என்று மனைவி வழக்குத் தொடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) சங்கத்தின் மீது பொறுப்பில்லை என்று தீர்த்தது. கலிபோர்னியச் சட்டப்படி விளையாட்டில் இயல்பாக உள்ள இடரிலிருந்து காக்கும் கடமை இல்லை. அந்த இடரைக் கூட்டாமலிருக்கும் கடமை மட்டும் உண்டு.

இதைச் சொல்லிவிட்டு, 'இடரைக் கூட்டாமலிருக்கும்' என்பதோடு எந்தச் சொல் சேர்கிறது என்று கேட்டேன். ஏழு பேர் கவனக் கடமை, மூவர் பேணுகடமை, ஒருவர் ஓம்புகடமை. 'இடரைக் கூட்டாமல் பேணுவது' என்பது வாயில் ஒட்டவில்லை என்றார்கள். கையடைக் கடமைக்கு ஒரே வாக்கு, முதலில் கேள்வி கேட்ட அதே மாணவியுடையது.

எனவே முதற்பதிப்பில் 'கவனக் கடமை' நிற்கும். எல்லா இடத்திலும் 'மாணவர்பால்' என்று திருத்திவிட்டேன். மூளையதிர்வு, இடர் ஏற்பு, அணித்தொகுதி மூன்றும் ஏற்கப்பட்டன. 'மாணவ விளையாட்டாளர்' வருமிடத்தில் ர.வி. சொன்ன வரலாற்றை ஒரு பத்தியாகச் சேர்த்தேன். சங்கத்தின் சொற்களை எடுத்தாளும் இடம் தவிர மற்ற எங்கும் 'ஆட்டக்காரர்' என்றே எழுதியிருக்கிறேன்.

---

எழுதியவர்: ர.வி., கொலம்பஸ், ஒகையோ
வெள்ளி காலை

புலவர் ஐயா, அப்பாவிடம் கையடை என்ற சொல்லைச் சொன்னேன். அவர் பொருள் கேட்கவில்லை. "யார் கையில்?" என்று மட்டும் கேட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பள்ளியின் பெயர் இருந்தது, மாவட்டத்தின் பெயர் இருந்தது, மாநில விளையாட்டுச் சங்கத்தின் பெயரும் இருந்தது. மூவரையும் விடுவிப்பதாகத்தான் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

---

எழுதியவர்: புலவர் செ.அ., தஞ்சாவூர்
வெள்ளி காலை

நா.கு. அம்மையாருக்கு,

பெரும்பான்மையை மதிக்கிறேன், உடன்படவில்லை. 'கவனம்' செய்பவனின் மனநிலையைச் சொல்கிறது; எதிரே நிற்கும் பிள்ளையை அது காணவில்லை. வ.தி. எழுப்பிய நத்தைப் போத்தல் தடைக்கு என்னிடம் விடை இருக்கிறது. விற்பனைக்கு வைப்பதும் ஒருவகைக் கையடைதான். விரிவாக எழுதி ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். இரண்டாம் பதிப்பு எப்போது வரும் என்று தெரிவியுங்கள்.