கருணை தீர்ந்துபோகுமா? புற்றுநோய் வார்டிலிருந்து ஒரு கேள்வி

வார்டுநான்கு எழுதியது:

நான் நர்ஸ். வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. கடைசி 6 வருடம் புற்றுநோய் வார்டு. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும்.

போன மாதம் நைட் டியூட்டியில் 11ஆம் கட்டில் அம்மா விடியற்காலையில் இறந்துபோனார். அவருக்கு நரம்பு கிடைப்பது பெரும்பாடு. கீமோ ஏறி ஏறி நரம்பெல்லாம் நூல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மூன்று மாதமாக நான்தான் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடுவேன். வேறு யார் வந்தாலும் கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொள்வார். அவருடைய மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபோது என் மனதில் ஓடியது இதுதான்: கேஸ் ஷீட் எழுத வேண்டும், ஆறு மணி மருந்து கொடுக்க வேண்டும், கட்டிலைத் துடைக்கச் சொல்ல வேண்டும். துளி ஈரம் இல்லை. இரண்டு நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் யாரோ ஒரு முதியவர் பாமாயில் பாக்கெட்டைத் தவறவிட்டார். அது உடைந்து தரையில் ஓடியதைப் பார்த்து நான் விக்கி விக்கி அழுதேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

மூத்த சிஸ்டர் ஒருவர், “மனதைக் கல்லாக்கிக்கொள், இல்லாவிட்டால் இந்த வார்டில் நிற்க முடியாது” என்கிறார். நிர்வாகம் மாதம் ஒருமுறை தியான வகுப்பு வைக்கிறது. 30 கட்டிலுக்கு இரவில் இரண்டு பேர். அதை மூன்றாக்கக் காசில்லை, மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்குக் காசு இருக்கிறது. வகுப்பெடுக்க வந்தவர் திரையில் மூளைப் படம் போட்டு, “எட்டே வாரத்தில் மூளை வளரும், கருணை பெருகும்” என்றார். எனக்குக் கோபம்தான் பெருகியது.

கருணை என்பது மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மாதிரி தீர்ந்துபோகிற பொருளா? தியானம் செய்தால் அது மறுபடி ஊறும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இருக்கிறதா? கல்லாவதைத் தவிர வேறு வழி உண்டா?

—

திருச்சி வாத்தியார் எழுதியது:

சிஸ்டர், கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கேட்டதையே ஒருவர் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறார்.

மத்தியூ ரிக்கார் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் உயிரணு மரபியலில் 1972-இல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, இமயமலைப் பக்கம் வந்து திபெத்திய பௌத்தத் துறவியானவர். டானியா சிங்கர் ஜெர்மானிய மூளை ஆய்வாளர். சிங்கர் 2004-இல் 16 ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார். மனைவி ஸ்கேனருக்குள், கணவர் பக்கத்தில். கணவரின் கையில் சுருக்கென்று மின்சாரம் பாய்கிறது என்று தெரிந்தாலே, தன் கையில் பாய்ந்தபோது மனைவியின் மூளையில் இன்சுலா என்ற இடம் எப்படி விழித்ததோ அப்படியே மறுபடி விழித்தது. இதை ஒத்துணர்வு என்போம்: பிறர் வலி நம் வலியாவது.

2007-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ரிக்காரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, துன்பப்படுகிறவர்களை நினைத்துக் கருணைத் தியானம் செய்யச் சொன்னார்கள். சிங்கர் எதிர்பார்த்த வலிப் பகுதிகள் விழிக்கவில்லை. வேறு இடங்கள்தான் வேலை செய்தன. நெருக்கத்தோடும் நிறைவோடும் தொடர்புள்ள இடங்கள். என்ன செய்கிறீர்கள் என்று குழம்பிப்போய் விசாரித்தார்கள். பிறகு, “கருணை வேண்டாம், அவர்கள் வலியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்கள். ருமேனிய அனாதை விடுதிக் குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அவர் அப்போதுதான் பார்த்திருந்தார். எலும்பும் தோலுமான குழந்தைகள். அவர்களையே நினைத்து, அவர்கள் வலியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்திலேயே ஆள் துவண்டுபோனார். பல ஆயிரம் மணி நேரம் தியானத்தில் உட்கார்ந்தவருக்கே இந்தக் கதி. இனி தாங்காது என்று கருணைத் தியானத்துக்கு மாறிக்கொண்டார். படம் அதே படம், குழந்தைகளும் அதே குழந்தைகள். ஆனால் இப்போது அவர்களிடம் போக வேண்டும், தூக்கிக்கொள்ள வேண்டும் என்ற உந்துதல் வந்தது, சோர்வு விலகியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஒருவரை நம்பி முடிவு கட்டக் கூடாது. அதனால் சிங்கரோடு வேலை செய்த ஓல்கா கிளிமெக்கி, தியானமே அறியாத பெண்களுக்கு முதலில் ஒத்துணர்வுப் பயிற்சி, அடுத்துக் கருணைப் பயிற்சி என்று கொடுத்தார். முதல் பயிற்சிக்குப் பிறகு, துயரக் காட்சிகளைப் பார்க்கும்போது மனவேதனை கூடியது. இரண்டாவதற்குப் பிறகு அந்த ஏற்றம் இறங்கியது, நல்லுணர்வும் கூடியது.

உங்களுக்குத் தீர்ந்துபோனது ஒத்துணர்வுதான் என்று படுகிறது. 11ஆம் கட்டில் அம்மாவின் கை வலியை மூன்று மாதம் உங்கள் கையிலேயே வாங்கியிருக்கிறீர்கள். வார்டில் அடைத்துக்கொண்டது ரேஷன் கடையில் உடைந்திருக்கிறது.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாத்தியார் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த வகுப்புக்காரர் காட்டிய மூளைப் படத்தை இப்படியே விட முடியாது. நான் புள்ளியியல் ஆள், இது தொழில் வியாதி.

‘எட்டு வாரத்தில் மூளை வளரும்’ என்பது 2011-இல் வந்த ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிற பேச்சு. அதில் பயிற்சி பெற்றவர்கள் 16 பேர். என் தெருவில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 200-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அதே எட்டு வாரப் பயிற்சியைச் சோதித்தார்கள். மூளையின் அமைப்பில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இதை வெளியிட்டது தியானத்துக்கு விரோதமான கூட்டம் இல்லை. திபெத்தியத் துறவிகளின் மூளை அலைகளை அளந்து பெயர் வாங்கிய ரிச்சர்ட் டேவிட்சனின் சொந்த ஆய்வகம். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்று. தியானத்தால் கருணை கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகளையெல்லாம் 2018-இல் மூன்று பேர் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி கொடுத்த ஆசிரியரே கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராக இருந்த இடங்களில்தான் கருணை கூடியிருந்தது! சமைத்தவரே சாப்பிட்டுப் பார்த்து மதிப்பெண் போட்ட கதை.

நியாயத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். 2013-இல் பாஸ்டனில் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் ‘நீங்கள் கருணையானவரா’ என்று யாரையும் கேட்கவில்லை. காத்திருப்பு அறையில் மூன்று நாற்காலி. இரண்டில் ஆய்வாளர்களின் ஆட்கள். வந்தவர் மூன்றாவதில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முகம் சுளித்தபடி வந்து சுவரில் சாய்ந்து நிற்பார். அவரும் அவர்கள் ஆள்தான். மற்ற இருவரும் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். எழுந்து இடம் கொடுக்கிறாரா என்பதுதான் சோதனை. தியானம் பழகாதவர்களில் 16 சதவீதம் பேர் எழுந்தார்கள். எட்டு வாரம் பழகியவர்களில் 50 சதவீதம். மொத்தமே 39 பேர், அதை மறக்க வேண்டாம்.

ஆனால் சிஸ்டர், உங்கள் வார்டில் குறைவது நாற்காலி. இரவில் மூன்றாவது ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

—

காஞ்சிக் கிழவன் எழுதியது:

அம்மா, நான் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். பக்கவாதம் வந்த மனைவியை நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். அந்த நாட்களில் பொழுது போகாமல் பாலி மொழி படிக்க ஆரம்பித்தேன், அது இன்னும் விடவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் உட்கார்ந்து விசுத்திமக்கம் என்ற பாலி மொழித் தியான நூலை எழுதினார் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி. தாம் முன்பு காஞ்சியில் இருந்ததை வேறோர் உரையின் கடைசியில் அவரே குறிப்பிடுகிறார். அதனால் எங்கள் ஊர்க்காரர் என்று எனக்கு ஓர் உரிமை. கருணைக்கு இரண்டு பகை என்கிறார் அவர். தூரத்துப் பகை கொடுமை. கிட்டத்துப் பகை துக்கம். கொடுமை வாசலில் கத்தியோடு வரும், கதவைச் சாத்திவிடலாம். துக்கமோ சொந்தக்காரி மாதிரி கொல்லைப்புறமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொள்ளும். கருணையின் புடவையையே கட்டியிருக்கும். வாத்தியார் சொன்ன மாஸ்ட்ரிக்ட் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அதே நூலில் நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. மைத்திரி பாவனையை, அதாவது எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று அன்போடு நினைக்கும் தியானத்தை, தன்னிடமிருந்து தொடங்க வேண்டும். இறந்தவர்மேல் செலுத்தக் கூடாது. செலுத்தினால் மனம் ஒருமுகப்படாது என்று காரணம் சொல்கிறார். என் மனைவி போன பிறகு நான் சரியாக அந்தத் தவறைத்தான் செய்தேன். ஆறு மாதம் வீணாகப் போராடினேன். நீங்கள் 11ஆம் கட்டிலை விட்டுவிட்டு, முதலில் உங்களிடம் வாருங்கள். பிறகு அந்த மகளிடம் போகலாம். அவள் உயிரோடு இருக்கிறாள்.

—

திருச்சி வாத்தியார் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். சிஸ்டர், ஒன்று விட்டுப்போயிற்று. சிங்கர் பிற்பாடு லைப்சிக்கிலும் பெர்லினிலும் 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஒன்பது மாதப் பயிற்சி ஆய்வு ஒன்றை நடத்தினார். மூச்சையும் உடலையும் மட்டும் கவனித்த மூன்று மாதத்தில், நெருக்கடியின்போது சுரக்கும் கார்டிசால் குறையவில்லை. இருவராக உட்கார்ந்து பேசிப் பழகிய மாதங்களில்தான் குறைந்தது, 51 சதவீதம் வரை. முறை எளிது. ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும்: சமீபத்தில் கஷ்டப்பட்ட ஒன்று, நன்றி தோன்றிய ஒன்று, அப்போது உடம்பு எப்படி இருந்தது. மற்றவர் கேட்க மட்டும் வேண்டும். தலையாட்டல், அறிவுரை, “ஐயோ பாவம்” எதுவும் கூடாது. பிறகு ஆள் மாற வேண்டும். உங்கள் வகுப்புக்காரர் மூச்சோடு நிறுத்தியதில் உங்களுக்கு எரிச்சல் வந்தது நியாயம்தான்.

—

வார்டுநான்கு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும்.

வாத்தியார் சொன்னதை எங்கள் வார்டின் இளைய நர்ஸோடு செய்துபார்த்தேன். டியூட்டி மாறும் நேரத்தில் உடை மாற்றும் அறையில், காலி ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில். முதல் நாள் அவள் பேச ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் நான் மூன்று முறை “விடு, சரியாகிவிடும்” என்று சொல்ல வாயெடுத்தேன். பேசாமல் இருப்பது நரம்பு தேடுவதைவிடக் கஷ்டம். நான்காம் நாள் அவள், ஒரு பையனுக்கு மார்ஃபின் கொடுக்கும்போது தன் கழுத்தின் பின்பக்கம் சில்லென்று ஆகிறது என்றாள். ஆறு வருடமாக எனக்கும் அதே இடம்தான். ஒருவருக்கொருவர் சொன்னதில்லை.

காஞ்சி ஐயா, அந்த மகளுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு ஊசி போடும்போது என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள். கத்தரிக்காய் விலை பேசுவோம் என்றேன். சிரித்துவிட்டு அழுதாள். போனை வைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ரேஷன் கடை அழுகை மாதிரி இல்லை.

கணக்குப்பிள்ளை சார், மூன்றாவது ஆள் கேட்டு ஒன்பது பேர் கையெழுத்தோடு மனு கொடுத்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. 11ஆம் கட்டிலுக்கு நேற்றுப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நரம்பு நன்றாக இருக்கிறது.