புதுப்பிப்பு: தங்கச்சியின் மருத்துவக் கோடிங் படிப்பு

மருத்துவக் கோடிங் என்றால் நோயையும் சிகிச்சையையும் குறியீடாக மாற்றிப் பதிவது. எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த தங்கச்சிக்கு இணையவழி அமெரிக்கக் கோடிங் படிப்பா, இங்கேயே கிளினிக் நிர்வாகப் படிப்பா என்று முன்பு கேட்டிருந்தேன். "எங்கே வேலை செய்யப் போகிறாள் என்று முதலில் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். அதை வைத்தே முடிவெடுத்தோம். உள்ளூர் படிப்புதான்.

அமெரிக்கப் படிப்பில் பெரும்பகுதி சிபிடி. அது மருத்துவச் சேவைகளுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வைத்திருக்கும் குறியீடு, அந்த நாட்டுப் பில்லுக்கானது. எங்கள் சுங்கை சிப்புட்டில் அதற்கு என்ன வேலை? நம் அரசு மருத்துவமனைகள் நோய்களைப் பதிய உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. அதன் பத்தாம் பதிப்பில் ஐ10 உயர் இரத்த அழுத்தம், இ11 இரண்டாம் வகை நீரிழிவு. எங்கள் தோட்டத்துப் பெரியவர்களில் பாதிப் பேரை இந்த இரண்டிலேயே அடக்கிவிடலாம்!

இப்போது ஒரு கிளினிக் கவுண்டரில் பயிற்சி. அங்கே குறியீட்டை விடப் பில்தான் பெரிய தலைவலியாம். கம்பெனி பேனல் நோயாளி (செலவை அவர் வேலை செய்யும் கம்பெனி ஏற்கும்) வந்தால் முதலில் தகுதியையும் வரம்பையும் சரிபார்க்க வேண்டும். அப்புறம் ஆலோசனைக் கட்டணம், மருந்து, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாவற்றையும் பதிய வேண்டும். டாக்டர் எழுதிய நோய்க்கும் கொடுத்த மருந்துக்கும் பொருந்தாவிட்டால், பணம் கேட்டு அனுப்பிய கோரிக்கை திரும்பி வரும். திரும்பியதைத் துரத்தும் பொறுமையை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை என்கிறாள்.

அடுத்து ஈப்போவில் தனியார் மருத்துவமனை அட்மிஷன் கவுண்டர்மேல் கண். செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வரும்வரை நோயாளியின் குடும்பத்தைச் சமாளிக்கும் வேலை அது. அங்கே இருக்கும் அக்காமார் யாராவது ஷிப்ட் நேரம் சொல்லுங்கள். இரவில் பஸ் கிடைக்காது, அதுதான் அம்மாவின் கவலை.