வங்கி தன்னைத்தானே விசாரித்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைக்கும்?

நிழல்மரம் (கேள்வி):
வளர்ச்சி வங்கிகள் கடன் தரும் பெரிய திட்டங்களைக் கவனிக்கும் ஒரு சின்னக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி (ஏடிபி), தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஐஎஃப்சி என்று எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டவர்கள் புகார் செய்ய ஒரு அமைப்பு இருக்கிறதாம். சரி, ஆனால் கடன் கொடுத்தவரே சம்பளமும் கொடுத்து வைத்திருக்கும் குழு அவருக்கு எதிராக என்ன எழுதிவிடப் போகிறது? அந்த உழைப்பை வழக்குக்கோ போராட்டத்துக்கோ செலவழித்தால் என்ன? எங்கள் குழுவில் சிலர் 'வங்கி திட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்' என்ற ஒரே கோரிக்கை போதும் என்கிறார்கள். இதில் இறங்கி வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்காரன்:
சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்த அமைப்புகளை வங்கிகள் தாமாக மனமுவந்து கொடுக்கவில்லை. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-ல் 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. நர்மதைப் பள்ளத்தாக்கில் போராட்டம் வலுத்து, வெளிநாடுகளிலும் அழுத்தம் கூடி, கடைசியில் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் ஒரு சுதந்திரமான குழுவை வங்கி அமைக்க வேண்டியதாயிற்று. 1992-ல் வந்த அந்த அறிக்கை, இருக்கும் நிலைமையில் மக்களை முறையாக மறுகுடியமர்த்த முடியாது, வங்கி ஒரு அடி பின்வாங்கி யோசிக்க வேண்டும் என்று பட்டென்று சொன்னது. மறு வருடமே, 1993-ல், உலக வங்கி மீதான புகார்களை விசாரிக்கும் ஆய்வுக் குழு (இன்ஸ்பெக்ஷன் பேனல்) பிறந்தது. ஐஎஃப்சி மீதான புகார்களைக் கேட்கும் அமைப்பான சிஏஓ 1999-ல் வந்தது.

சம்பளம் வங்கியுடையதுதான். அதனால்தான் பேனல் உறுப்பினராக இருந்தவர் பிறகு ஆயுளுக்கும் வங்கியில் வேலைக்குச் சேரக் கூடாது என்று விதி இருக்கிறது. மேலாளரின் கீழும் அவர்கள் வரமாட்டார்கள், நேராக இயக்குநர் குழுவுக்குத்தான் அறிக்கை. இதெல்லாம் போதுமா என்றால் போதாது, ஆனால் வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கவும் முடியாது.

பலரும் இடறி விழும் இடம் வேறு. பேனல் விசாரிப்பது அரசையோ ஒப்பந்தக்காரரையோ அல்ல, வங்கியை மட்டும்தான். வங்கி தன் சொந்தக் கொள்கையை மீறியதா, அதனால் மக்களுக்குக் கேடு வந்ததா என்பது மட்டுமே கேள்வி. அதனால் 'தாசில்தார் ஏமாற்றிவிட்டார்' என்று பத்துப் பக்கம் எழுதினால் பயனில்லை. அதே விஷயத்தை 'நிலம் எடுக்கும் முன் இழப்பீடு தரப்பட வேண்டும் என்று உங்கள் கொள்கை சொல்கிறது, தரப்படவில்லை, உங்கள் மேற்பார்வைக் குழு வந்து பார்த்தும் கண்டுகொள்ளவில்லை' என்று எழுதினால் அது புகார். பாதிக்கப்பட்டவர்கள் இருவர் சேர்ந்தாலே போதும், தாய்மொழியிலேயே எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். ஆனால் முதலில் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும், அந்தக் கடிதங்களின் நகல் கையில் இருக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எதிர்க்கரை:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பேனலால் திட்டத்தை நிறுத்த முடியாது, ஒரு ரூபாய் இழப்பீடு போடவும் முடியாது. அறிக்கை வரும், நிர்வாகம் ஒரு செயல்திட்டம் தரும், அதை அமல்படுத்த வேண்டியவர் பெரும்பாலும் அதே கடனாளி அரசு.

வெளியேற்றக் கோரிக்கை பற்றி. மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியாவே சொல்லிவிட்டது. அணை நின்றதா? 138.68 மீட்டருக்கு எழும்பி 2017-ல் திறப்புவிழாவும் நடந்தது. நேபாளத்தின் அருண் 3 நீர்மின் திட்டம்தான் பேனலின் முதல் வழக்கு, 1995-ல் உலக வங்கி விலகியது, அது பெரிய வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. பல வருடம் கழித்து ஒரு இந்திய அரசு நிறுவனம் அங்கே அதே பெயரில் ஒரு திட்டத்தைக் கட்ட ஆரம்பித்தது. 2000-ல் சீனாவின் சிங்ஹாய் மறுகுடியமர்வுத் திட்டத்திலும் அப்படித்தான், வங்கி மேலும் நிபந்தனை போட்டதும் எங்கள் பணத்திலேயே செய்துகொள்கிறோம் என்று சீனா எழுந்து போய்விட்டது. வங்கி போனால் அதன் கொள்கையும் போகும், புகார் வாசலும் போகும். உங்கள் குழு இதைப் பேசி முடிவெடுத்த பிறகு பேனாவைத் தொடட்டும். நிலத்தைக் காப்பாற்றுவதா, இழப்பீட்டை ஒழுங்காக வாங்குவதா? இரண்டும் ஒரே மனுவில் சரியாக நிற்காது.

சட்டப்பித்து:
வழக்குப் பக்கத்தை நான் சொல்கிறேன். குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் டாட்டா அனல் மின் நிலையத்துக்கு ஐஎஃப்சி கடன் கொடுத்தது. மீனவர்கள் 2011-ல் சிஏஓவிடம் போனார்கள். 2013 அறிக்கை ஐஎஃப்சியின் குறைகளைச் சுட்டியது, நிர்வாகம் அதில் பெரும்பகுதியை ஏற்கவில்லை. அப்புறம்தான் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். சர்வதேச அமைப்பு என்பதால் எங்கள் மீது வழக்கே போட முடியாது என்ற ஐஎஃப்சியின் வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் 7க்கு 1 என்று தள்ளியது. நான் அன்று துள்ளிக் குதித்தேன் என்றே சொல்லலாம். ஆனால் வழக்கு கீழே திரும்பியபோது, குற்றச்சாட்டின் மையம் அமெரிக்காவில் நடந்த செயல் அல்ல என்று தள்ளுபடி ஆனது, 2022-ல் உச்ச நீதிமன்றமும் மேற்கொண்டு கேட்க மறுத்துவிட்டது. ஆக, கதவு திறந்தது, உள்ளே போகத்தான் முடியவில்லை. அந்த வழக்கில் சிஏஓ அறிக்கைதான் மீனவர்களின் முக்கிய ஆதாரங்களில் ஒன்று. புகாரா வழக்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

எதிர்க்கரைக்கு: வெளியேறினால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. உகாண்டாவில் ஒரு சாலைத் திட்டத்தில் தொழிலாளர்கள் சிறுமிகளைப் பாலியல் கொடுமை செய்த புகாருக்குப் பிறகு, 2015-ல் உலக வங்கி கடனையே ரத்து செய்தது. ஆனால் அதோடு கைகழுவ விடவில்லை, பாதிக்கப்பட்டவர்களுக்கான தனி உதவித் திட்டத்துக்கும் அது பணம் தர வேண்டியதாயிற்று, மற்ற நாடுகளின் திட்டங்களிலும் விதிகள் இறுகின. உலக வங்கி கடன் கொடுத்த குவாத்தமாலாவின் சிக்சோய் அணை இன்னும் கொடுமை. 1982-ல் அங்கே படுகொலைகள் நடந்தன, இழப்பீட்டு ஒப்பந்தம் வந்தது 2014-ல். அதுவும் அமெரிக்க நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தில் இதை நிபந்தனையாக வைத்த பிறகு.

நிழல்மரம்:
நன்றி. ஒரு சந்தேகம். நாங்கள் பார்க்கும் திட்டத்தில் வளர்ச்சி வங்கியின் பெயரே எந்தப் பலகையிலும் இல்லை. ஒரு தனியார் வங்கிக்கு அது கடன் கொடுத்து, அந்த வங்கி கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது என்று மட்டும் கேள்விப்படுகிறோம்.

கோப்புக்காரன்:
இதுதான் இப்போது பெரிய ஓட்டை. பணம் இரண்டு கை மாறினால் தடம் மறைந்துவிடும், ஊர்க்காரர்களுக்குத் தங்களுக்கு ஒரு புகார் உரிமை இருப்பதே தெரியாது. வளர்ச்சி வங்கியின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள், அந்தத் தனியார் வங்கியின் பெயரைத் தேடுங்கள். அதற்குக் கடன் கொடுத்தார்களா, அதில் பங்கு வைத்திருக்கிறார்களா, எந்த வருடம், எதற்கு என்று பாருங்கள். அப்புறம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் கடன் கொடுத்தவர்கள் பட்டியல், அடமானப் பதிவுகள். இரண்டும் பொருந்தி, அந்த வளர்ச்சி வங்கி ஐஎஃப்சி என்றால் சிஏஓவுக்கு எழுதலாம், முழு ஆதாரமும் நீங்களே கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. தாமதம் மட்டும் வேண்டாம். ஐஎஃப்சி தன் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அதற்குப் பிறகு சில நிபந்தனைகளோடு 15 மாதம்தான் அவகாசம்.